வழிகாட்டியின் சொல்: யெல்லோஸ்டோன் ஒருநாள் சுற்றுலாவும் பயண இலக்கியமும்

பயண இலக்கியத்தை ஆராய்வோர் பெரும்பாலும் அச்சேறிய நூல்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கின்றனர். பயணி ஊர் திரும்பி எழுதியதை மதிப்பிடுகின்றனர். அவ்விடத்தை அவருக்கு முதன்முதலாகச் சொல்லிக் காட்டியவரைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. ஊர்தியின் முன்னிருக்கையில் அமர்ந்து, ஒலிவாங்கியைக் கையிற் பிடித்து, “வலப்புறம் நோக்குங்கள், இடப்புறம் நோக்குங்கள்” என்று கூறிவரும் வழிகாட்டியே பல பயணக் கட்டுரைகளுக்கு முதல் ஆசிரியர் எனலாம். நம் பள்ளிகளில் ‘நான் சென்ற சுற்றுலா’ என்னும் தலைப்பில் மாணவர் எழுதும் கட்டுரைகளைத் திருத்திய ஆசிரியர்கள் இதனை நன்கறிவர். காலையில் புறப்பட்டது, நண்பகலில் உண்டது, மாலையில் களைப்புடன் திரும்பியது ஆகியவை மாணவர் தாமாக எழுதுபவை. நடுவிலுள்ள செய்திகளோ வழிகாட்டி கூறியவை, அல்லது அறிவிப்புப் பலகையில் இருந்தவை.

அவ்வாறாயின், வழிகாட்டியின் உரையையும் ஓர் இலக்கிய வகையாகக் கொண்டு திறனாயலாகுமா? தமிழ் மரபை அறிந்தோர்க்கு இவ்வினா புதியதன்று. பரிசில் பெற்று மீள்வோன், பெறச் செல்வோனுக்கு வழி கூறுவதாக அமைந்த ஆற்றுப்படை, வழிகாட்டியின் உரையன்றி வேறென்ன? பத்துப்பாட்டுள் சரிபாதி ஆற்றுப்படைகளே. அவற்றுள் கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெறும் மலைபடுகடாத்தை ஈண்டு நினைவுகூர்தல் தகும். நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு மலைவழியைச் சொல்லுமிடத்து, பெருங்கௌசிகனார் மலையின் அழகோடு நின்றுவிடவில்லை. பன்றிகளை வீழ்த்த வைத்த பொறிகளையும், பாம்புகள் உறையும் குழிகளையும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கற்களையும் எடுத்துரைத்து எச்சரிக்கிறார். வழியில் எவ்வெம்மக்கள் வாழ்கின்றனர், அவர்கள் எவ்வாறு விருந்தோம்புவர் என்பதையும் கூறுகிறார்.

இவற்றிலிருந்து வழிகாட்டியின் உரைக்கு மூன்று அளவுகோல்களை வகுத்துக்கொள்ளலாம். தாம் கண்டும் தேர்ந்தும் அறிந்ததையே கூறல் முதலாவது. வழியின் இடரை மறையாது உரைத்தல் இரண்டாவது. அந்நிலத்துக்கு உரியோரை அறியச் செய்தல் மூன்றாவது. இவ்வளவுகோல்களைக் கொண்டு, உலகின் முதல் தேசியப் பூங்கா எனப் போற்றப்பெறும் யெல்லோஸ்டோனில் நிகழும் ஒருநாள் சுற்றுலாவையும், அதனைச் சூழ்ந்து வளர்ந்த எழுத்துகளையும் இக்கட்டுரை நோக்குகிறது. அங்கு வழிகாட்டிகள் சொல்லிவந்த கதைகளுக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. குதிரைவண்டிக் காலத்து வழிகாட்டிகளின் கதைசொல்லலைப் பற்றி மட்டுமே பூங்காவின் வரலாற்றறிஞர் லீ விட்டில்சி 2007ஆம் ஆண்டில் ஒரு தனிநூல் வெளியிட்டார் என்றால், இப்பொருளின் விரிவு விளங்கும்.

இடமும் அமைப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வயோமிங் மாநிலத்தில் பெரும்பகுதியும், மொன்டானா, ஐடஹோ மாநிலங்களில் சிறுபகுதியுமாக இப்பூங்கா பரந்துள்ளது. 1872ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் குடியரசுத் தலைவர் கிராண்ட் ஒப்பமிட்ட சட்டத்தால் இது தோன்றியது. இதன் பரப்பு ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர். அஃதாவது, பன்னிரண்டு சிங்கப்பூர்களை உள்ளடக்கினாலும் இடம் எஞ்சும். வெந்நீர்ச் சுனை, சேற்றுச் சுனை, ஆவித்துளை எனப் பத்தாயிரத்திற்கு மேற்பட்ட வெப்ப ஊற்றுகள் இங்குள்ளன. அவற்றுள், நிலநூலார் கெய்சர் என வழங்கும் பீறிடும் வெந்நீரூற்றுகள் ஏறத்தாழ ஐந்நூறு. உலகிலுள்ள இத்தகைய ஊற்றுகளுள் பாதிக்கு மேற்பட்டவை இந்த ஒரே பூங்காவில் அமைந்திருக்கின்றன.

இத்துணைப் பரப்பை ஒரே நாளில் காட்டுவது எங்ஙனம்? பூங்காவின் பெருஞ்சாலை எட்டு என்னும் எண்வடிவில் 142 மைல் சுற்றி வருகிறது. ஒருநாள் சுற்றுலாக்கள் பல, இவ்வெட்டின் கீழ்வட்டத்தை மட்டும் கொள்கின்றன. மேற்கு வாயிலில் நுழைந்து, மாடிசன் ஆற்றங்கரை வழியே சென்று, வெந்நீரூற்றுப் படுகைகளைக் கண்டு, நண்பகலையொட்டி ஓல்டு பெய்த்புல் ஊற்றின் முன் அமர்ந்து, பின்னர் யெல்லோஸ்டோன் ஏரிக்கரை, ஹேடன் பள்ளத்தாக்கின் விலங்குகள், 308 அடி உயரத்தினின்று வீழும் கீழருவி ஆகியவற்றைப் பார்த்து, நாரிஸ் படுகை வழியாக மீள்வது வழக்கமான முறை. சாலையினின்று காணவியலாத காடும் மலையுமே பூங்காவின் மிகப்பெரும் பகுதி. எனவே வழிகாட்டி ஒன்றைத் தெரிந்தெடுக்கிறார், நூற்றினை விடுக்கிறார். தெரிந்தெடுத்தலும் விடுத்தலும் இலக்கியச் செயல்களே. எதை எடுத்தார், எதை விடுத்தார், ஏன் விடுத்தார் என்று கேட்பதே திறனாய்வின் கடமை.

நம்பிக்கைக்குரிய ஊற்று

ஓல்டு பெய்த்புல் என்பதற்கு நம்பிக்கைக்குரிய முதியவர் என்று பொருள் கொள்ளலாம். 1870ஆம் ஆண்டு செப்டம்பரில் இப்பகுதியை ஆராய வந்த வாஷ்பர்ன் குழுவினர் இட்ட பெயர் இது. பெயரின் கவர்ச்சியே ஒரு பொய்க்கும் வழிவகுத்தது. மணிக்கொரு முறை, கடிகாரம் தவறினும் தான் தவறாது, இவ்வூற்றுப் பீறிடும் என்னும் கதை நெடுங்காலம் வழங்கியது. உண்மை வேறு. ஒரு பீறலுக்கும் மறு பீறலுக்கும் இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ ஒரு மணி முதல் ஒன்றேமுக்கால் மணி வரை வேறுபடும். பீறல் குறுகியதாயின் அடுத்தது விரைவில் வரும். நெடியதாயின் தாழ்த்து வரும். அதனால், முந்தைய பீறலின் கால அளவைக் குறித்துக்கொண்டு, பத்து நிமிடம் முன்பின்னாக அடுத்ததை முன்னறிவிக்கின்றனர். 1959ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் நிகழ்ந்த ஹெப்கன் ஏரி நிலநடுக்கம் போன்றவற்றால் நிலத்தடிக் குழாய்கள் மாறுதலுற, சராசரி இடைவெளியும் காலப்போக்கில் நீண்டுவிட்டது.

இவ்வுண்மை கதையைவிடச் சுவையில் குறைந்ததா? மழையும் பனியுமாகப் பெய்த நீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்திற்கு இறங்குகிறது. அங்கு எரிமலை வெப்பத்தால் கொதிநிலைக்கு மேலும் சூடேறுகிறது. ஆயினும், மேலுள்ள நீரின் அழுத்தம் அதனைக் கொதிக்க விடுவதில்லை. மேலேறும் வழியோ குறுகியது. மேல்மட்டத்து நீர் சிறிது வழிந்தவுடன் அழுத்தம் தளர்கிறது; அடியிலுள்ளது ஒருங்கே ஆவியாகிறது; 100 அடி முதல் 180 அடி வரை வெந்நீர் வானோக்கி எழுகிறது. ஒன்றரை நிமிடம் முதல் ஐந்து நிமிடத்திற்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. கடிகாரக் கதையைக் கூறும் வழிகாட்டியின் பின்னால் வந்தோர் தத்தம் கைக்கடிகாரத்தை நோக்குவர். இச்செயன்முறையைக் கூறும் வழிகாட்டியின் பின்னால் வந்தோர் நிலத்தை நோக்குவர். முன்னவர்க்கு ஊற்று ஐந்து நிமிடம் தாழ்த்து எழுந்தால் அது குறை. பின்னவர்க்கு அக்காத்திருப்பும் காட்சியின் ஒரு பகுதி.

இரண்டாம் அளவுகோலாகிய இடருரைத்தல் இங்கு உயிர்காக்கும் கடமையாகிறது. ஊற்றுகளைச் சூழ்ந்த வெண்ணிலம் பாறைபோல் தோன்றினும், பல இடங்களில் அது மெல்லிய ஓடே, அடியில் கொதிநீர். யெல்லோஸ்டோனின் வெந்நீர்ச் சுனைகளில் வெந்து மாண்டோர் இருபதுக்கும் மேற்பட்டோர். மரப்பலகை நடைபாதையை விட்டு இறங்கலாகாது என்னும் விதி இதனாலேயே ஏற்பட்டது. இதனைச் சுருக்கமான அறிவிப்பாக முணுமுணுத்துவிட்டு, உடனே நகைச்சுவைக்குத் தாவும் வழிகாட்டிகள் உளர். மலைபடுகடாத்தின் புலவர் பாம்புக் குழியைக் கூறுங்கால் குரலைத் தாழ்த்தவில்லை. இடரைச் சொல்வதால் அழகு குறையும் என்று அவர் கருதவுமில்லை.

மனிதர்க்கு ஊற்றால் வரும் இடர் ஒருபுறமாக, ஊற்றுக்கு மனிதரால் வரும் இடரும் உண்டு. காலைமலர் என்னும் பொருள்படப் பெயரிடப்பெற்ற மார்னிங் குளோரி சுனை முன்னர் ஆழ்ந்த நீலநிறம் கொண்டிருந்தது. பார்க்க வந்தோர் நாணயங்களையும் குப்பைகளையும் எறிந்து எறிந்து, வெந்நீர் மேலேறும் வழி அடைபட்டது, நீர் குளிர்ந்தது, விளிம்பிலிருந்து மஞ்சளும் பசுமையும் உட்புகுந்தன. குளிர்ந்த நீரில் வாழும் நுண்ணுயிர்கள் உள்நோக்கிப் பரவியதன் அடையாளம் அது. அச்சுனையின் முன் நின்று “எத்தனை வண்ணங்கள் பாருங்கள்!” என்று மட்டும் கூறும் வழிகாட்டி, நோயாளியின் முகச்சிவப்பைக் கண்டு நலமென்று வாழ்த்துபவரை ஒப்பர். கிராண்ட் பிரிஸ்மாட்டிக் சுனையிலோ இத்தகைய நிறங்கள் இயற்கையானவை. நடுவே கொதிக்கும் நீலம். வெளிநோக்கி வெப்பம் குறையக் குறைய மஞ்சள், செம்மஞ்சள், செம்பழுப்பு. அவையும் நுண்ணுயிர்களின் நிறங்களே. ஒரே வண்ணம் ஓரிடத்தில் நலத்தையும் மற்றோரிடத்தில் கேட்டையும் காட்டுகிறது. இவ்வேறுபாட்டை உணர்த்துதற்கே வழிகாட்டி வேண்டும். இத்தகைய வெந்நீரிலிருந்து 1966ஆம் ஆண்டில் தாமஸ் பிராக்கும் அவர் மாணவரும் பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிர், பின்னாளில் மரபணுவைப் பன்மடங்காகப் பெருக்கிச் சோதிக்கும் முறைக்கு உதவியது என்பதையும் நல்ல வழிகாட்டிகள் கூறாமல் விடுவதில்லை.

விலங்குகளும் வாக்குறுதியும்

ஊற்றினை ஓரளவு முன்னறிவிக்கலாம்; விலங்கினை முன்னறிவித்தல் இயலாது. ஆதலால், சுற்றுலாவின் விலங்குப் பகுதி வழிகாட்டியின் நேர்மைக்கு உரைகல்லாகிறது. “இன்று கரடியைக் காண்பீர்கள்” என்று வாக்களிப்பவர், வாக்கைக் காக்கும் பொருட்டு வரம்பு மீற வேண்டி வரும். முற்காலத்தில் அவ்வாறு மீறியதன் வரலாறு யெல்லோஸ்டோனில் உண்டு. விடுதிகளின் எச்சிலைக் குப்பைமேட்டில் கொட்டி, கரடிகள் வந்து உண்பதை மக்கள் வரிசை வரிசையாக அமர்ந்து காணும் காட்சிகள் பல ஆண்டுகள் நடைபெற்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அக்காட்சிகள் நின்றன; சாலையோரத்தில் ஊர்தியை நிறுத்திக் கரடிக்கு உணவளிக்கும் வழக்கமோ அதன் பின்னரும் நெடுங்காலம் நீடித்தது. கரடியைக் காட்டியது உண்மை. ஆனால், காட்டப்பட்டது காட்டுக் கரடியா? இரந்துண்ணப் பழக்கப்பட்ட விலங்கைக் காட்டிக் காட்டின் பெருமையைப் பேசியது எத்தகைய முரண்! இன்று கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கெஜம், காட்டெருமை முதலிய பிறவற்றிற்கு 25 கெஜம் விலகி நிற்றல் வேண்டும் என்பது விதி.

காட்டெருமையின் கதை வேறுவகை. மந்தை மந்தையாக ஹேடன் பள்ளத்தாக்கில் சாலையை மறித்து நிற்கும் அவற்றைக் கண்டு மகிழாதார் இலர். 1902ஆம் ஆண்டில் பூங்காவினுள் எஞ்சியவை ஏறத்தாழ இரண்டு டசன் மட்டுமே. இன்றோ அவை ஆயிரக்கணக்கில் உள்ளன. இவ்வெண்களைக் கேட்டபின் அதே மந்தையை நோக்கும் கண் முன்போல் இராது.

ஓநாயின் செய்தியில் புதியதொரு புனைவு பிறந்ததைக் காண்கிறோம். 1926ஆம் ஆண்டளவில் பூங்காவின் ஓநாய்கள் முற்றாக அழிக்கப்பட்டன. 1995, 1996 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்கள் கொணர்ந்து விடப்பட்டன. இதுவரை வரலாறு. இதன்மேல் எழுந்த கதை யாதெனின், ஓநாய்கள் எல்க் மான்களைக் குறைத்தன, அதனால் ஆற்றங்கரை மரங்கள் தழைத்தன, அதனால் ஆறுகளின் போக்கே மாறியது என்பது. கேட்பதற்கு இனிய கதை. காரண காரியத் தொடர்ச்சியும் அழகியது. ஆனால், நீண்டகால ஆய்வுகள் இத்துணை எளிதாக அதனை ஒப்பவில்லை. கரடி, மலைச்சிங்கம், வேட்டை, வறட்சி, கொறித்துண்ணியாகிய பீவர் இல்லாமை எனப் பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன; மரங்கள் தழையாத கரைகளும் உள்ளன. பழங்கதைகளை நகைக்கும் நாமே புதுக்கதைகளை அறிவியலென்று ஏற்கிறோம் என்பதற்கு இது தக்க சான்று.

எழுத்தில் யெல்லோஸ்டோன்

இனி, எழுதப்பட்டவற்றை நோக்குவோம். வாஷ்பர்ன் குழுவில் ஒருவராகிய நதானியேல் லாங்போர்டு, 1871ஆம் ஆண்டு மே, சூன் திங்கள்களில் ஸ்கிரிப்னர்ஸ் திங்களிதழில் யெல்லோஸ்டோனின் வியப்புகளைப் பற்றி எழுதினார். அமெரிக்க மக்களுக்கு இப்பகுதியைப் பரவலாக அறிமுகப்படுத்திய எழுத்துகளுள் அது ஒன்று. அதன் குறை, வியப்பை வியப்பின் மேல் அடுக்குவது. எல்லாமே ஒப்பற்றவையெனில் எதுவும் ஒப்பற்றதன்று. அக்கட்டுரைக்குப் படம் வரைந்த தாமஸ் மோரன் அப்போது அவ்விடத்தைக் கண்டதேயில்லை; பிறர் சொல்லையும் கோட்டுப் படங்களையும் கொண்டு வரைந்தார் என்பது நினையத்தக்கது. அடுத்த சில திங்களில் ஹேடனின் ஆய்வுக் குழுவோடு சென்று நேரிற் கண்டு, 1872ஆம் ஆண்டில் அவர் தீட்டிய பேரோவியத்தை நாடாளுமன்றம் 10,000 டாலருக்கு வாங்கியது. அவ்வோவியமும் ஓரிடத்தில் நின்று காணும் காட்சியன்று. பல காட்சிகளின் தொகுப்பு. ஆயினும், கண்டவன் தொகுத்ததற்கும் காணாதவன் கற்பித்ததற்கும் உள்ள தொலைவு பெரிது.

அதே குழுவிலிருந்து வழிதவறிய ட்ரூமன் எவர்ட்ஸ் 37 நாள் தனியே அலைந்தார். வயது 54, குதிரை ஓடிவிட்டது, உணவில்லை. முட்செடி ஒன்றின் கிழங்கைத் தின்றும், வெந்நீர்ச் சுனையருகே படுத்துக் குளிர் காய்ந்தும், கண்ணாடி வில்லையால் ஞாயிற்றின் ஒளியைக் குவித்துத் தீமூட்டியும் உயிர் பிழைத்தார். அவ்வரலாற்றை 1871 நவம்பரில் அதே இதழில் எழுதினார். வழிகாட்டியற்றவரின் இக்கட்டுரை, லாங்போர்டின் கட்டுரையினும் மேம்பட்டு நிற்பதேன்? அவர் எழுத்தில் ஊற்று காட்சிப் பொருளாக இல்லை. உயிர் காத்ததும் அதுவே, உடலைச் சுட்டதும் அதுவே. இன்பமும் இடரும் ஒரே பொருளின் இரு முகங்களாக அங்கு அமைந்துவிடுகின்றன.

1889ஆம் ஆண்டில், இருபத்து மூன்று வயது இளைஞராக இப்பூங்காவிற்கு வந்த கிப்ளிங்கின் பயண மடல்கள் மற்றொரு வகை. பூங்கா அப்போது படையினரின் காவலில் இருந்தது. உடன்வந்த சுற்றுலாக் கூட்டத்தாரை எள்ளி நகையாடுவதில் அவருடைய நடை சிறக்கிறது. பள்ளத்தாக்கின் நிறங்களைக் கண்டவிடத்து நகை தானே அடங்கிவிடுகிறது. ஆனால், பிற பயணிகளை இகழும் எழுத்தாளர் தாமும் ஒரு பயணியே என்பதை எளிதில் மறந்துவிடுகிறார். பயண எழுத்தில் இன்றளவும் நீங்காத நோய் இது.

இரண்டு பொய்கள்

மூன்றாம் அளவுகோலை இறுதிக்கு வைத்தமைக்குக் காரணம், யெல்லோஸ்டோன் உரைகள் பெரிதும் தவறியது இதனிடத்தேதான்.

மாடிசன் ஆறு தோன்றுமிடத்தில், 1870 செப்டம்பர் 19ஆம் நாள் இரவு, வாஷ்பர்ன் குழுவினர் தீயைச் சூழ்ந்து அமர்ந்து, இந்நிலத்தைத் தமக்கென்று கொள்ளாமல் மக்கள் அனைவர்க்கும் உரிய பூங்காவாக்க உறுதி பூண்டனர் என்னும் கதை வழிவழியாகச் சொல்லப்பட்டது. அக்கதைக்குப் பெருந்துணை, 35 ஆண்டுகள் கழித்து 1905ஆம் ஆண்டில் லாங்போர்டு வெளியிட்ட நாட்குறிப்பு. பூங்காவின் வரலாற்றறிஞர் ஆப்ரி ஹெய்ன்ஸ் அக்காலத்து ஆவணங்களைத் துருவி, இதற்குச் சான்று வலிமையற்றதெனக் காட்டினார். பின்னர் பால் ஷுல்லரியும் விட்டில்சியும் 2003ஆம் ஆண்டு நூலில் இதனை விரிவாக ஆய்ந்தனர். பயணிகளை ஏற்றிவர விரும்பிய நார்தர்ன் பசிபிக் இருப்புப்பாதை நிறுவனத்தாரின் நலனும் பூங்கா தோன்றியதில் பங்குகொண்டது. தீயருகே பிறந்த தூய எண்ணம் என்பதைவிட, நன்மையும் நயப்பும் கலந்த இவ்வரலாறு மனித இயல்புக்கு அணுக்கமானது.

இரண்டாம் பொய் இதனினும் கொடியது. அமெரிக்கப் பழங்குடியினர் வெந்நீரூற்றுகளைப் பேயென்று அஞ்சி, இப்பகுதிக்கே வந்ததில்லை என்று வழிகாட்டிகளும் வழிகாட்டி நூல்களும் கூறிவந்தனர். 1877 முதல் 1882 வரை பூங்காவின் கண்காணிப்பாளராயிருந்த நாரிஸ் இக்கூற்றைப் பரப்பியோருள் ஒருவர். 1877ஆம் ஆண்டில் படையினரால் துரத்தப்பட்ட நெஸ் பெர்ஸ் மக்கள் இப்பூங்காவின் ஊடே சென்ற நிகழ்ச்சி சுற்றுலாப் பயணிகளைக் கலக்கியிருந்தது. “அவர்கள் இங்கு வரமாட்டார்கள், அஞ்சுவார்கள்” என்பது அக்கலக்கத்திற்கு மருந்தாயிற்று. ஆனால் நிலம் வேறு கூறுகிறது. பூங்காவின் வடபகுதியிலுள்ள எரிமலைக் கண்ணாடிக் குன்றிலிருந்து பதினோராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் கல் வெட்டி அம்புமுனையும் கத்தியும் செய்தனர். அக்கல் நெடுந்தொலைவிலுள்ள ஒகையோ வரை வாணிகத்தில் சென்றுள்ளது. மலையாட்டை உண்போர் எனப் பிறரால் அழைக்கப்பெற்ற துக்குடிக்கா மக்கள் இம்மலைகளிலேயே வாழ்ந்து, ஆட்டுக் கொம்பால் வலிய வில் செய்தனர். 1870களில் அவர்கள் இங்கிருந்து அகற்றப்பட்டு ஒதுக்கிடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அச்சக் கதை பொருந்தாது என்பதை ஜோசப் வெக்ஸல்மன் 1992ஆம் ஆண்டு ஆய்வேட்டில் நிறுவினார். இன்று 27 பழங்குடி இனத்தார் இந்நிலத்தோடு தொடர்புடையோர் எனப் பூங்காத் துறையே ஏற்றுள்ளது.

இவ்விடத்தில் ஒரு வினா எழலாம். ஒருநாள் மகிழ்ந்திருக்க வந்தோரிடம் இவற்றையெல்லாம் கூறுதல் வேண்டுமா? ஊற்றைக் காட்டி, விலங்கைக் காட்டி, நன்றி கூறி அனுப்பினால் போதாதா? பயணி கொடுத்த பணத்திற்கு அவர் கேட்டது இன்பமன்றோ என்பர். இது எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. பகல் சிறிது; வழி நெடிது; உடன் குழந்தைகளும் முதியோரும் உளர். எல்லாவற்றையும் கூறுதல் இயலாது; வேண்டுவதுமன்று. ஆனால், கூறாது விடுதல் வேறு. பொய் கூறுதல் வேறு. “இங்கு எவரும் வாழ்ந்ததில்லை” என்னும் சொற்றொடர் நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை. ஒரு மக்களை அவர்தம் நிலத்திலிருந்து இரண்டாம் முறை அகற்றுகிறது. அதற்கு மாறாக, “இக்கல்லைப் பதினோராயிரம் ஆண்டுகளாக வெட்டினர்” என்று கூறவும் அதே நேரமே ஆகும். தேசியப் பூங்காக்களில் பொருள்விளக்கும் கலைக்கு 1957ஆம் ஆண்டில் இலக்கணம் வகுத்த பிரீமன் டில்டன், செய்திகளைக் கொட்டுவது நோக்கமாகாது, கேட்போரின் உள்ளத்தைத் தூண்டுவதே நோக்கம் என்று கருதினார். பொய்யாலும் உள்ளத்தைத் தூண்டலாம். ஆனால், உண்மை தெரியவரும் நாளில் தூண்டப்பட்ட உள்ளம் அவ்விடத்தையே வெறுக்கத் தொடங்கும்.

வாஷ்பர்ன் குழுவின் படைத்தலைவர் குஸ்தாவஸ் டோனை இதற்குச் சான்றாகக் கூறலாம். அக்குழுவின் அலுவல்முறை அறிக்கையை எழுதியவர் அவர்; அவ்வறிக்கையின் வருணனைத் திறன் நெடுங்காலம் பாராட்டப்பட்டது. ஏரியின் கிழக்கிலுள்ள ஒரு சிகரம் அவர் பெயர் தாங்கியது. அதே 1870ஆம் ஆண்டின் சனவரியில், மரையாஸ் ஆற்றங்கரையில் பீகன் பிளாக்பீட் மக்கள் 173 பேரேனும் கொல்லப்பட்ட தாக்குதலில் அவர் முன்னின்றார். மாண்டோருள் பெண்டிரும் முதியோரும் அம்மைநோயுற்ற குழந்தைகளும் பலர். 2022ஆம் ஆண்டில் அச்சிகரத்தின் பெயர் முதன்மக்கள் மலை என்னும் பொருள்பட மாற்றப்பட்டது. டோனின் அறிக்கையை இனிப் படிக்கலாகாதா எனின், படிக்கலாம், படித்தல் வேண்டும். அருவியை அத்துணை நுட்பமாகக் கண்ட கண்கள், எட்டுத் திங்களுக்கு முன் எதைக் காண மறுத்தன என்னும் வினாவோடு படித்தல் வேண்டும். நல்ல நடை நல்ல சான்றாகிவிடாது என்பதை இலக்கிய மாணவர் கற்க இதனினும் தெளிவான பாடம் அரிது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

மேற்கூறியவை ஒரு தொலைநாட்டுப் பூங்காவைப் பற்றியன. எனினும் மூன்று அளவுகோல்களும் எந்தப் பயணக் கட்டுரைக்கும் பொருந்துவன. சுற்றுலாக் கட்டுரை எழுதும் மாணவரிடம் ஆசிரியர் மூன்று வினாக்களைக் கேட்கலாம். இச்செய்திகளுள் நீ கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது? அவ்விடத்தில் அஞ்சத்தக்கதும் அழிவுக்குள்ளானதும் யாவை? அங்கு முன்பு வாழ்ந்தோர் யார், இப்போது அவர்கள் எங்கே? இவ்வினாக்களுக்கு விடை தேடத் தொடங்கும் மாணவர், “மிகவும் அழகாக இருந்தது” என்னும் தொடரோடு நிறுத்திக்கொள்ளமாட்டார். வழிகாட்டி கூறியதைச் சரிபார்க்க நூலகம் செல்வார். ஒன்றிரண்டு கூற்றுகள் பிழையெனக் கண்டு வியப்பார். தம் சொற்களில் எழுதும் துணிவு பெறுவார்.

வழிகாட்டியின் தொழில் எளிதன்று. நாள்தோறும் அதே வழியில், அதே ஊற்றின் முன், புதியவர்களுக்குப் புதிது போலக் கூறவேண்டியவர் அவர். அவரை இகழ்வதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. மதித்தற்குரிய கலையாகக் கொண்டதனாலேயே அவருடைய சொல் இங்கு ஆராயப்பட்டது. முன்னறிவித்த நேரம் கடந்தும் ஊற்று எழாதபோது, மன்னிப்புக் கேளாமல், நகைச்சுவையாலும் நிரப்பாமல், “நிலத்தடியில் நீர் இன்னும் சூடேறிக்கொண்டிருக்கிறது, சற்றுப் பொறுப்போம்” என்று கூறும் வழிகாட்டியே ஆற்றுப்படைப் புலவரின் வழித்தோன்றல் எனலாம். அவருடன் அமர்ந்து காத்திருந்த மாணவர், ஊர் திரும்பி எழுதும் கட்டுரையில் அக்காத்திருப்புக்கும் ஒரு பத்தி ஒதுக்குவாராக.